முட்டி மெக்கானிக்

நம் ஊரில் முட்டி வைத்தியர் என்றோர் இனம் உண்டு. படித்துப் பட்டம் வாங்கியவரைச் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் போதும், பின் வரிசையிலிருந்து "ஏனுங்க, முட்டிங்களா?" என்று ஒரு குரல் வருமே, அவரைத்தான் சொல்கிறேன்.

பெருந்துறையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரை இந்த இனத்தில் முதல் தரம். முப்பது வருடமாகப் பம்பு செட்டைப் பிரித்து மாட்டியவருக்கு மனித முட்டி எம்மாத்திரம்? காலை நீட்டி மடக்கச் சொல்வார், முட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோவார், கண்ணை மூடுவார். "புஷ் தேஞ்சுபோச்சுங்க. எண்ணெயப் போட்டு நிறுத்தாம ஓட உடுங்க. நிறுத்துனா ஜாம் ஆயிரும்." ஸ்கேன் எடுக்கலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை பேரிங் பாடம் நடத்துவார்.

அவர் மகள் ரித்திகாவுக்குப் பதினான்கு வயது, பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். "குதிச்சா முட்டிக்குள்ள வலிக்குதுங்கப்பா" என்றாள். வீட்டிலேயே கேஸ் கிடைத்தால் விடுவாரா? ஞாயிறுதோறும் சென்னிமலைப் படியேற்றம். "ஏறு கண்ணு, ரன்னிங்ல ஃப்ரீயாயிரும்." எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியவள், ஒருநாள் பாதி மலையில் முட்டி வீங்கி உட்கார்ந்துவிட்டாள். தம்பிதுரை தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கோவையில் டாக்டர் மதிவதனி ஸ்கேனைக் காட்டினார்.

"தேய்மானமெல்லாம் இல்லீங்க. குருத்தெலும்போட சேர்ந்து ஒரு சின்ன எலும்புத் துண்டு தளர்ந்திருக்குது. நல்லவேளை, இன்னும் கழண்டுக்கலை. வளர்ற வயசு, ஆறு மாசம் குதிக்காம ஓய்வு குடுத்தா ஒட்டிக்க வாய்ப்பிருக்குதுங்க. இல்லைன்னா ஆபரேஷன்தான். ஆமா, வலிக்கிற காலோட படியேறச் சொன்னது யாருங்க?"

தம்பிதுரை வாயைத் திறந்தார். மகள் முந்திக்கொண்டாள்.

"நானாத்தானுங்க ஏறுனேன்" என்றாள் ரித்திகா.

அவள் விளையாட்டு போனதைவிட அந்தப் பொய்தான் அவரை அதிகம் அழவைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வரிசையில் ஒரு பெரியவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தம்பிதுரையின் கால் தானாக நின்றது. "ஏனுங்க..." என்று ஆரம்பித்தார். மகள் கையை அழுத்தினாள். "...டாக்டர் உள்ளதான் இருக்கறாங்க" என்று முடித்துக்கொண்டார்.

அவர் திருந்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள்? "அடடா, பிள்ளைக்குப் பிரண்டையை அரைத்துப் பற்றுப் போட்டிருக்கலாமே" என்று நடுவில் ஒருமுறை தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், அடுத்த கல்யாணத்தில் தயவுசெய்து முன் வரிசையில் உட்காருங்கள். பின்னால் யார் எழுந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.