கூரையும் குளமும் பேசிக்கொள்ளத் தடை

எங்கள் நிந் துவான் கடற்கரையில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் போன வருஷம் எங்கள் ஊரை ‘அறிவார்ந்த மின்கட்டமைப்பில்’ சேர்த்தார்கள். கூரைக்குக் கூரை சோலார் பேனல் வந்தது. யார் எப்போது மின்சாரம் தரலாம், யார் எடுக்கலாம் என்று வடக்கே, தலைநகர் ஹனோயில் ஒரு கணினி முடிவு செய்யும். அந்த முடிவை ஊர் ஒலிபெருக்கியில் வாசிப்பது என் வேலை. நான் வாசிக்கிறவன், யோசிக்கிறவன் அல்ல.

ஏப்ரலில் ஒரு காலை இரண்டு உத்தரவுகள் சேர்ந்து வந்தன.

“பொதுமக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், மின்சாரம் மிகுதியாக இருப்பதால் சோலார் பேனல்களை நிறுத்தவும். மின்சாரம் பற்றாக்குறையாக இருப்பதால் இறால் குளச் சக்கரங்களையும் நிறுத்தவும்.”

ஒரே மூச்சில் வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் புது மீட்டர்களே இரண்டையும் நிறுத்திவிட்டன.

அரைமணியில் இறால் வளர்க்கும் லுவா பைக்கில் பறந்து வந்தாள். சக்கரம் தண்ணீரைக் கலக்காவிட்டால் இறால் மூச்சு முட்டிச் சாகும். அவளுக்கு இருப்பதே அந்த ஒரு குளம்தான். மின் அதிகாரி கியெம் என் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கரண்டு ஜாஸ்தியா, கம்மியா?”

“ரெண்டும்தான் தங்கச்சி. இங்க ஜாஸ்தி, வடக்க கம்மி.”

“அப்ப என் கூரைல வர்றத என் குளத்துக்கே விட்டுக்கறேன்.”

கியெம் பதறிப்போனார். “ஐயையோ! உன் கூரை உற்பத்தியாளர், உன் குளம் நுகர்வோர். ரெண்டும் நேர்ல பேசிக்கவே கூடாது. கூரை மனு போடணும், குளம் சம்மதிக்கணும்.”

“ரெண்டுக்கும் நான்தானே கையெழுத்துப் போடணும்?”

“அதான் சிக்கலே. ஒரே ஆளு ரெண்டு பக்கமும் நின்னா அது முறைகேடு.”

“இறால் மேல வந்து வாயப் பொளக்குதுண்ணே!”

“அதையும் மனுல சேர்த்துக்க.”

லுவா மனு எழுதவில்லை. மீட்டரைத் தொடாமல் கூரையிலிருந்து சக்கரத்துக்கு நேராக ஒயர் இழுத்தாள். இறால் பிழைத்தது. ஒரே வாரத்தில் ஊரே ஒயர் இழுத்துவிட்டது.

கணினியில் எங்கள் ஊரின் பகல் செலவு பூஜ்யம். ‘முன்மாதிரிச் சிக்கன ஊர்’ என்று வீட்டுக்கு ஒரு பாராட்டுப் பலகை வந்தது. கூச்சமே இல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டோம். பகலிலேயே மின்சாரம் வேண்டாதவர்களுக்குப் பொழுது சாய்ந்தபின் எதற்கு என்று கணினி யோசித்தது. மறுநாள் மாலை ஆறு மணிக்கு எங்கள் பங்கு மின்சாரம் வடக்கே போய்விட்டது.

கூரையில் வெயிலும் இல்லை; சக்கரங்கள் நின்றன. ஊரே குளங்களில் இறங்கி, துடுப்பாலும் தட்டாலும் தண்ணீரை அடித்தது. கியெமுக்கும் மனைவி பெயரில் ஒரு குளம் உண்டு. காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு அவரும் இறங்கினார்.

“அண்ணே, ஒயர் இழுத்தோம்னு உண்மையச் சொல்லிடலாமா? கரண்டு திரும்பி வந்துடும்” என்றாள் லுவா.

“சொல்லலாம். பலகையைத் திருப்பிக் குடுக்கணும், பரவாயில்லையா?”

லுவா மறுபடி துடுப்பால் அடிக்கத் தொடங்கினாள். என் பலகை வாசலில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கிறது. நான் இன்னும் வேகமாகத் தண்ணீரை அடித்தேன்.