ரோசிக்கு ஒரு வாய் தயிர்சாதம்

ஒரகடத்தில் காரும் லாரியும் செய்து தள்ளுகிறார்கள். குச்சி அண்ணனைப் போல இன்னொரு ஆளைச் செய்ய அங்கே எந்தக் கம்பெனிக்கும் துப்பு கிடையாது.

படப்பைப் பக்கம் ஒரு குரங்குக் காப்பகத்தில் அவருக்கு வேலை. நான் அப்போது வல்லம் வடகாலில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் புது ஆள். கோவில்பட்டியிலிருந்து வந்து ஐந்து மாதம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே மாதம். என் வேலையை நம்பித்தான் அப்பா மில் வேலையிலிருந்து நின்றிருந்தார்.

காப்பகத்தில் ரோசி என்ற குரங்குக்குக் கரு தங்கவில்லை. பிறப்புறுப்பில் என்ன பாக்டீரியா இருக்கிறதென்று பார்க்க, பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருவார் அண்ணன்; அந்தப் பேர் அப்படி வந்ததுதான். ஷேர் ஆட்டோவில் பெட்டி அவர் மடியில்தான் இருக்கும்.

"தள்ளி குந்துப்பா, புள்ளத்தாச்சி ஆவப்போற பொண்ணு சமாச்சாரம் இது" என்பார். யாரென்று கேட்டால் ரோசியின் போட்டோவைக் காட்டுவார்.

ஒருமுறை மாதிரியை வளர்த்துப் பார்த்தால் தயிரில் இருக்கிற பாக்டீரியா மண்டிக் கிடந்தது. குரங்கிடம் இதற்கு என்ன வேலை என்று யோசித்த மேலாளர், என் டிபன் பாக்ஸைப் பார்த்தார். தினமும் தயிர்சாதம்.

"மாதிரியைக் கெடுத்தது நீதான். மாசக் கடைசியோட கிளம்பிடு."

அழுதுகொண்டே அண்ணனிடம் போனில் சொன்னேன். மறுநாள் குச்சி அண்ணன் நேரே மேலாளர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், அது என் கைத் தயிரு. ஒரு வாய் ஊட்டுனாதான் ரோசி குச்சி வைக்க வுடும். அன்னிக்கு பஞ்சு பிரிஞ்சிகினு இருந்துச்சி. அந்தக் கையாலயே வெளக்குத்திரி கணக்கா அழகா முறுக்கி வுட்டேன்."

"கையுறை போடலியா?"

"போட்டா அதுக்கு சோறு எறங்காது சார்."

"உங்க டாக்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்யா!"

"அவராண்ட சொல்லிட்டுத்தான் வரேன்."

காப்பகத்தில் அவர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தார்கள். டாக்டரே புதிதாக எடுத்த மாதிரியில் வேறொரு கெட்ட கிருமி சிக்கியது, மருந்து கொடுத்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷம் ரோசி குட்டி போட்டது. போன் வந்தது.

"பொட்டக் குட்டிம்மா! செல்வின்னு உன் பேருதான் வெச்சிக்கீறேன்."

"அண்ணே, குரங்குக்கா என் பேரு?"

"ஏம்மா, நல்ல பேருதான?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் வல்லம் வடகாலில் இந்தச் செல்வியும் இல்லை, காப்பகத்தில் அந்தச் செல்வியும் இல்லை.

நன்றி அண்ணே. பேரை மாற்ற வேண்டாம்.