பின்சக்கரம் கழற்று படலம்

வாழ்க, நீடு வாழ்க! மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா மன்னன், கடுகினும் சிறிய திருகுகளைக் கண்ணிமைக்கும் பொழுதில் இருத்தவும் எழுப்பவும் வல்ல நுண்விரல் நாயகன், தளர்ந்த காதுக்கம்பிகளைத் தடவி நிமிர்த்தும் தயாபரன், விரல்நீளத் திருப்புளி ஒன்றையே வீரவாளாய்ச் சட்டைப்பையில் செருகித் திரியும் நம் தலைவன் வாழ்க! அவன் புகழ் முழுவதையும் பாட ஏடு போதாது என்பதால், கடைக்கு விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று காலை வாசலில், காற்றினும் கடிது செல்லும் அவன் இருசக்கர வாகனம், தன் பின்சக்கரத்தின் காற்றனைத்தையும் துறந்து, கல்யாணச் சாப்பாடு முடித்த பெரியவர் போலச் சரிந்து நின்றது. டயரின் நடுமார்பில் ஓர் ஆணி தலைகாட்டி மின்னியது. அவன் மனைவி செவிலி. பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும்.

"மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்களேன். வந்து எடுத்துட்டுப் போவாரு" என்றாள் அவள்.

எடுத்துப் போவார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை; திருப்பிக் கொண்டுவருவார் என்பதில்தான் ஐயம். சென்ற முறை ஹாரன் கம்மியது என்று கொண்டுபோனவர் நான்கு நாள் வைத்திருந்தார். போதாக்குறைக்கு, "சார், நீங்க கண்ணாடியப் பாருங்க, வண்டிய நாங்க பாத்துக்கறோம்" என்று வேறு சொல்லி அனுப்பினார். அந்த அவமானத்தைக்கூட நம் தலைவன் பொறுத்துக்கொண்டான். அந்த நான்கு நாளைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஏனெனில் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அவளை அவன் வண்டியில் கொண்டுபோய் விடப் பன்னிரண்டு நிமிடம். கணவனும் மனைவியும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளும் நேரம் நாளொன்றுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். வீட்டில் பேசினால் ஆகாதா என்பீர்கள். வீட்டில் பிள்ளைகள் இரண்டு, குக்கர் ஒன்று, மாமியார் ஒருவர், செல்போன் மூன்று.

ஆகவே அவன் லுங்கியை மடித்துக் கட்டி, வானதிர முழங்கினான்: "கேளுங்கள் அண்டை அயலாரே! கதிரவன் உச்சி ஏறுமுன் இச்சக்கரம் என் காலடியில் வீழும்! இது திருகாணிகளின் மேல் ஆணை!"

"சரி, சாப்பிட்டுட்டு ஆரம்பிங்க" என்றாள் மனைவி. சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தான்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பேனர்களை அணிவகுத்து, அவற்றின் முன் தன் விரல்நீளத் திருப்புளியைப் படைத்தலைவனாய் வைத்து, மண்டியிட்டான். முதலில் எதிர்கொண்டது, சக்கர அச்சான ஆக்சிலின் நட்டைக் காக்கும் குட்டிக் காட்டர் பின். கண்ணாடிக் கடையில் இதைவிடச் சிறியவற்றோடு மல்லுக்கட்டியே பதினெட்டு ஆண்டு கழித்தவன், அதன் வளைந்த கால்களை நிமிர்த்தி, நோகாமல் உருவி, உள்ளங்கையில் ஏந்தி ஊருக்கே காட்டினான். எதிர்வீட்டுத் தையற்காரர் மட்டும் பார்த்தார்.

அடுத்து வந்தான் பெரிய நட்டெனும் பேரரக்கன். துருவே கவசமாக, பிடிவாதமே குலத்தொழிலாக வீற்றிருந்த அவனைத் தலைவன் கையால் திருகினான், இருகையால் திருகினான், பல்லைக் கடித்துத் திருகினான், இறுதியில் ஸ்பேனர் மேல் ஏறியே நின்றான். நின்றவுடன் கிறீச்சென்று ஓர் ஓலம் எழ, அரக்கன் அசைந்தான்! அதன்பின் திருகினான் திருகினான், வியர்வை வெள்ளம் புருவக்கரை உடைக்கத் திருகினான், தெருவில் போன தண்ணீர் லாரி திரும்பி வரும்வரை திருகினான். நட்டு சுற்றிக்கொண்டே இருந்ததேயன்றி ஒரு நூலளவும் வெளியே வரவில்லை. கண்ணாடித் திருகுக்குப் பிடித்துக்கொள்ள மறுமுனை என்று ஒன்று கிடையாது. அதனால் அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

தையற்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, நீங்க அந்தப் பக்கம் சுத்தச் சுத்த இந்தப் பக்கமும் சேந்து சுத்துது."

அவரே வந்து மறுபுறத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டார். நட்டு அரை நிமிடத்தில் கழன்றது.

அதற்குப்பின் நிகழ்ந்த அமரை விரித்துரைக்க என் நா நடுங்குகிறது. பிரேக் ராடு பிரிந்தது. செயின் தன் கருநிறத்தைத் தலைவனின் முழங்கை வரை வாரி வழங்கியது. ஆக்சில் உருவப்பட்ட கணத்தில் புஷ் எனும் குட்டி இரும்பு வளையம் ஒன்று உருண்டோடிப் பூந்தொட்டிக்கு அடியில் தஞ்சம் புகுந்தது. ஆயினும், பிணைப்பனைத்தும் அறுந்தபின்னும், சக்கரம் மட்கார்டுக்கு அடியில் அமர்ந்துகொண்டு வெளிவர மறுத்தது. இழுத்தான், உதைத்தான், படுத்துக்கொண்டு கெஞ்சினான். மணி பன்னிரண்டரை.

அப்போது சீருடையணிந்து வெளியே வந்தாள் அவன் தலைவி. நோயாளிகளை நாள்தோறும் புரட்டிப் படுக்கவைத்துப் பழகியவள். வண்டியின் கைப்பிடியைப் பற்றி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிச் சாய்த்தாள். சக்கரம் தானாக உருண்டு வெளியே வந்தது.

வென்ற சக்கரத்தைத் தோளில் ஏந்தித் தெருமுனை டயர் கடைக்கு அவன் நடந்த நடையைக் காணத் தேவர்கள் வந்தனரோ, அறியேன், நாய்கள் வந்தன. கடைக்காரர் சக்கரத்தை வாங்கினார், ஆணியைப் பிடுங்கினார், பிசின் தடவிய ஒரு கயிற்றை ஓட்டையில் குத்தித் திணித்தார், காற்றடித்தார். எல்லாம் மூன்று நிமிடம்.

"இது டியூப்லெஸ் சார். வண்டியில இருக்கும்போதே போட்டிருக்கலாம். எதுக்குக் கழட்டினீங்க?" என்றார்.

நம் தலைவன் சக்கரத்தை மீண்டும் தோளில் ஏற்றினான். வழி நெடுக அவன் மனம் கணக்குப் போட்டது: கழற்ற இரண்டரை மணி நேரம், மாட்ட எத்தனையோ. அன்றைய பன்னிரண்டு நிமிடம் கைவிட்டுப் போயிற்று. அதைக் காக்கப் போய்த் தானே அதைக் கெடுத்தான். அவனுக்கு அழுகையே வந்தது. வாசலில் கைப்பையோடு நின்றிருந்த மனைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கியது மட்டும் தெரிந்தது. "விடுங்க. பஸ்ஸுல முக்கால் மணி நேரம் ஆகும், இப்பவே கிளம்பணும்" என்றாள். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்து, "இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? சட்டைய மாத்திட்டு வாங்க" என்றாள்.

திருகுகளின் தலைவன், அரக்கர்களை அடக்கியவன், ஆணியின் செருக்கறுத்தவன், வெற்றிச் சக்கரத்தைத் தையற்காரரின் பொறுப்பில் விட்டு, முகில் கிழித்து எழும் ஞாயிறெனப் புதுச் சட்டைக்குள் தலைநுழைத்து வெளிப்பட்டு, தெருவே விழிவிரித்து நோக்க, தேவியின் கைப்பையைத் தன் தோளில் சூடி நடந்தான்.

ரெண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள்.