வெளிறு வேண்டும்

‘வெளிறு’ என்ற சொல்லைப் பதிப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

“செத்த சொல்லும்மா. நிறம் போறதுக்கு ‘மங்கு’ ஒண்ணு போதும்.”

அகராதி அலுவலகத்தில் வகர வரிசை மொத்தமும் அவள் பொறுப்பு. அகராதி பிடித்தவள் என்று வீட்டிலேயே பேர் வாங்கியவள் வேறு. சும்மா விடுவாளா?

“வேர் இருக்கு சார். வெள்ளை, வெண்மை, வெளிறு எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. மங்கறதுன்னா பளபளப்பு கொறையறது. வெளிறறதுன்னா இருந்த நிறம் வடிஞ்சு வெள்ளை தட்டறது. ரெண்டும் ஒண்ணா?”

“பொறப்பு சரி, பொழப்பு இருக்கா? வெளியாள் ஒருத்தர், நீங்க எடுத்துக் குடுக்காம, தானா சொல்லணும். அது என் காதுல விழணும். சாயங்காலம் அச்சுக்குப் போகுது.”

அதுதான் அங்கே சட்டம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் கிடந்த ஜன்னல் திரையை உருவிக்கொண்டு, அவர் காதுக்கு எட்டும்படி வாசலில் நின்றாள். நல்ல நீலமாக இருந்த திரை. கூரியர்காரர் வந்தார்.

“இந்தத் திரையப் பாருங்களேன், என்னமோ ஆயிடுச்சு!”

“சாயம் போச்சு. கையெழுத்துப் போடுங்க.”

வெளுத்தது இன்னும் போதவில்லை போலிருக்கிறது. குளியலறையிலிருந்து பிளீச்சிங் பவுடர் எடுத்து வாளியில் கரைத்து முக்கினாள். பிழிந்து, பக்கத்துக் கடைத் தையல்காரரை வாசலுக்கே கூப்பிட்டு நீட்டினாள்.

“வீணாப் போச்சும்மா. வெட்டினா தலகாணி உறை ரெண்டு தேறும்.”

மறுபடியும் முக்கினாள். அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டோடு கணவர் வந்து நின்றார்.

“புதுத் திரையா? வெள்ளை நல்லாத்தான் இருக்கு!”

அழுகையே வந்துவிட்டது. பழைய துணிக்காக யார் பதறுவார்கள்? பதறினால்தானே நல்ல சொல் வாயில் வரும்! பதிப்பாசிரியர் உள்ளறையில் இருந்தார்; கூடத்தில் அவர் நாற்காலியில் கருநீலக் கோட்டு ஒன்று தொங்கியது. அடுத்த மாத வெளியீட்டு விழாவுக்கென்று அன்றுதான் தைத்து வந்தது.

“ஏய், வேணாம்!” என்றார் கணவர்.

“நீங்க சாப்பாட்ட வெச்சுட்டுக் கிளம்புங்க,” என்று கோட்டை வாளிக்குள் அமுக்கினாள்.

கூட்டிப் பெருக்க வந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார். “அடி ஆத்தி! யார் பார்த்த வேலை இது?” என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டார். பதற்றம் வந்தது, சொல் வரவில்லை.

சத்தம் கேட்டுப் பதிப்பாசிரியர் வெளியே வந்தார். கோட்டு அவள் கையில் திட்டுத் திட்டாக வெளுத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதன் கையைத் தூக்கிப் பார்த்தார்.

அவள் நிமிர்ந்தே நின்றாள். “நான்தான் சார் பண்ணேன். என்னை வேலையிலிருந்து எடுங்க, வாங்கிக்கறேன். அந்தச் சொல்ல எடுக்காதீங்க. அத எடுக்க உங்களுக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, அவரை வீட்டுக்கு அழைத்துப்போக அவர் மனைவி உள்ளே நுழைந்தார். கோட்டை அந்தம்மா கண்டுகொள்ளவே இல்லை. நேராகப் புருஷனிடம் ஓடினார்.

“ஐயையோ, என்னங்க ஆச்சு? மூஞ்சியெல்லாம் இப்படி வெளிறிப் போயிருக்கு!”