இடது பக்கச் சீட்டு

"ஏங்க, மறுபடியும் ஈரம்!"

லாரியின் இடது பக்கச் சீட்டைத் தொட்டுப் பார்த்த மனைவி கையை உதறினாள். டிரைவர் விரல்விட்டு எண்ணினார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கே நாள்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பேத்தி வீட்டு வாசலில் சொந்த லாரியில் போய் இறங்க வேண்டும். இத்தனை வருடம் ஓட்டியதற்கு அது போதும் அவருக்கு. ஆனால் லாரிக்கும் வயசாகிவிட்டது. போன மழையில் மனைவியின் நல்ல புடவை ஒன்றை அது நாசம் செய்திருந்தது.

"சீட்டு காய்ஞ்சா உங்களோட வர்றேன். இல்லேன்னா பஸ்ல போயிடுவேன்."

டிரைவர் களத்தில் இறங்கினார். முதலில் முன்கண்ணாடி ரப்பரைச் சுற்றிப் பசை பூசினார். சாயங்காலம் அவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மனைவி வெளியிலிருந்து குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தாள். கால் மணி நேரம் அடித்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"பாத்தியா!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் லோடு இறக்கிவிட்டு வந்து பார்த்தால் சீட்டு சொதசொதவென்று இருந்தது.

எதிர்ச்சாரியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் வந்து கூரையைத் தட்டிப் பார்த்தார். "கூரையில காத்து வர்ற ஜன்னல் வழியா வருதுண்ணே. அடைச்சிடுங்க."

அடைத்தார். வண்டி அடுப்பாகிவிட்டது. வேர்த்துக் கொட்டியதில் வலது பக்கச் சீட்டும் நனைந்தது.

"அப்ப கதவுதாண்ணே. ரப்பரை டபுளாப் போடுங்க."

இரண்டு கதவுக்கும் போட்டார். அதன்பிறகு கதவைச் சாத்தவே தோளால் இடிக்க வேண்டியிருந்தது. ஈரம் மட்டும் அசையவில்லை.

"மழை பெஞ்சே மூணு நாளாச்சேப்பா!"

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். "பழைய தண்ணி எங்கேயோ தங்கியிருக்கும். அடியில ஒரு ஓட்டை போட்டா வடிஞ்சிரும்."

ஓட்டை போட்டார்கள். சாலையில் கிடந்த சேறு அது வழியாக மேலே வந்தது.

இவ்வளவு அமர்க்களத்திலும் மனைவி ஒரு வேலையை மறக்கவில்லை. டிரைவருக்குச் சிறுநீரகத்தில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தினமும் காலையில் ஐந்து லிட்டர் கேனைச் சீட்டுக்குப் பின்னால் பலகையில் வைப்பாள். சாயங்காலம் எடுத்துப் போவாள். டிரைவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. குடித்தால் வழிநெடுக வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும், யாரால் முடியும்?

"இப்பதான் சொன்ன பேச்சைக் கேக்குறீங்க," என்று சனிக்கிழமை அவள் மெச்சினாள். லாரி ரிப்பேரைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரி முழுக்க ஃபேன் வைத்துச் சீட்டைக் காயவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சீட்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது. மனைவி முதல் வேலையாகக் கேனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, புதுப் புடவை கட்டி, குழந்தைக்கு வாங்கிய சட்டைகளோடு ஏறினாள். டிரைவர் இரண்டு கதவையும் இடித்துச் சாத்தினார். தெருமுனைகூடத் தாண்டவில்லை.

"நிறுத்துங்க! நனையுது! நான் பஸ்லயே போறேன்!"

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அவரும் தன் பக்கத்துக் கதவைத் தள்ளினார். அதுவும் அசையவில்லை. டபுள் ரப்பர் உடும்பாகப் பிடித்திருந்தது. பேத்தியைச் சேர்ந்து பார்க்கும் ஆசை அவ்வளவுதான். கதவு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் ஓடிவந்து, காலை ஊன்றி, கம்பியால் நெம்பி, ஒருவழியாக இடது கதவைப் பிடுங்கினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது அவருக்கு.

"அண்ணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி…"

"என் சீட்டுக்குப் பின்னாடி கேன் இருக்கு தம்பி, எடுத்துக்கங்க. ஆனா இவருக்கும் மிச்சம் வைங்க. தினம் அஞ்சு லிட்டரையும் ஒரு சொட்டு விடாம குடிச்சிடுறார்!"

டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மெக்கானிக் அதற்குள் கேனைத் தூக்கியிருந்தார். அதன் அடியிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேல் சொட்டியது.

"அண்ணி, அண்ணன் ஒரு வாய்கூடக் குடிக்கல. அத்தனையும் குடிச்சது இந்தச் சீட்டுதான்."