கொம்பு கவனம்

ஐந்து கேடயங்களையும் மேசையில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஓரடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது.

நான்கு கேடயங்களில் தங்க நிற எழுத்தில் ‘சாதனைப் பெண்மணி’ என்று இருந்தது. ஐந்தாவதில் ‘சோதனைப் பெண்மணி’ என்று இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கொம்பு அங்கேயேதான் இருந்தது. அதுவும் இரட்டைக் கொம்பு. அழைக்காத வீட்டுக்கு வந்த விருந்தாளி போல எழுத்துக்கு முன்னால் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

விழா தொடங்க இன்னும் நாற்பது நிமிடம். அரங்கத்தின் பின்னறையில் அவளையும் கேடயங்களையும் தவிர ஒரு தண்ணீர்க் குடமும் நான்கு நாற்காலிகளும்தான் இருந்தன.

வேறு யாராவது செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். இவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கேடயமும் பெயர்ப்பலகையும் செய்கிற கடையில் ஒன்பது வருடமாக எழுத்து வெட்டி ஒட்டுகிறவள். ஆறு மாதத்துக்கு முன்னால், ‘மாபெரும் நீச்சல் போட்டி’ என்று பன்னிரண்டு அடி பதாகை செய்யச் சொன்னார்கள். ஒரே ஒரு கொம்பு விட்டுப்போனது. ‘மாபெரும் நீச்சல் பாட்டி’ மூன்று நாள் நீச்சல்குளத்து வாசலில் தொங்கினாள். ஊரே வந்து படம் எடுத்துக்கொண்டு போனது.

அன்றிலிருந்து கடையில் அவள் பெயர் கொம்பு. “கொம்பு, டீ ஆறுது பாரு.” “கொம்பு, கத்தரிக்கோல் எங்கே?” கேட்டுக் கேட்டு அவளே சில சமயம் போனில் “நான் கொம்பு பேசறேன்” என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பெயரைத் துடைக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கடையை விட்டு எது வெளியே போனாலும் அதோடு போகிற தாளில் ‘சரிபார்த்தேன்’ என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை அதைப் போட்டு வந்தவர் முதலாளியின் மச்சான். ஓர் எழுத்தைக்கூடப் படிக்காமல் ஒரு நாளைக்கு ஐம்பது கையெழுத்துப் போடக்கூடிய திறமைசாலி. நீச்சல் பாட்டிக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார், ஆனால் அவருக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. போன வாரம் அவள் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு முதலாளியிடம் போய், “அண்ணா, இனிமே அந்தக் கையெழுத்தை நான் போடறேன்” என்று கேட்டுவிட்டாள்.

“உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவையைத் தானே ரசித்து ஐந்து நிமிடம் சிரித்தார் முதலாளி. சிரித்து முடித்தபின் சொன்னார். “சரி போ. மகளிர் சங்கத்துல அஞ்சு கேடயம் கேட்டிருக்காங்க. அஞ்சும் தப்பில்லாம மேடை ஏறட்டும், கையெழுத்து உன்னுது. ஒரு எழுத்து பிசகிச்சு, ஆயுசுக்கும் நீ லேமினேஷன் மெஷின்தான்.”

நான்கு கேடயங்கள் முன்பே முடிந்துவிட்டன. ஐந்தாவதுக்கான சீட்டு மட்டும் நேற்றுச் சாயங்காலம் தனியாக வந்தது. கையால் எழுதிய சீட்டு. கீழே ஓரமாக ‘கொம்பு கவனம்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு வேறு போட்டிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. ‘நம்ம பேரு வாடிக்கையாளர் வரைக்கும் போயிடுச்சா!’ அந்த ஆத்திரத்தோடே சீட்டைப் பார்த்துப் பார்த்து வெட்டி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது புரிந்தது. யாரோ அவசரத்தில் ‘சா’வைக் கோணலாக எழுதியிருக்கிறார்கள், இவள் ‘சோ’ என்று படித்திருக்கிறாள். கொம்பு கவனம் என்று முன்கூட்டியே எச்சரித்தும் விழுந்திருக்கிறாள். சீட்டு கடையில் இருந்தது. முதலாளிக்குப் போன் செய்து படிக்கச் சொன்னால், படிப்பதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

‘ஒட்டின எழுத்துதானே. உரிச்சா வந்துடும்’ என்று நகத்தால் கிளப்பினாள்.

மேல் சுழி மட்டும் வந்தது. மீதி வரவில்லை. இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகி, ‘சொதனை’ என்று தமிழில் இதுவரை இல்லாத ஒரு சொல் பிறந்தது.

“என்னம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?”

தூக்கிவாரிப்போட்டது. கைக்குட்டையை எடுத்துக் கேடயத்தின் மேல் போட்டு மூடிக்கொண்டு திரும்பினாள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, தோளில் பெரிய கைப்பையோடு கதவருகே நின்றிருந்தார்.

“ஒண்ணுமில்லம்மா. கேடயத்துல ஒரு எழுத்து லேசாப் பிசகிடுச்சு. நீங்க யாரைத் தேடறீங்க?”

“யாரையும் தேடலை. மக கூட்டிட்டு வந்தா. முன் வரிசையில உக்கார வெச்சுட்டா. பக்கத்துல எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. தீயில இறங்கிப் பிள்ளைங்களத் தூக்கிட்டு வந்த அம்மா ஒருத்தங்க, கிரேன் ஓட்டறவங்க ஒருத்தங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. தண்ணி குடிக்கிற சாக்குல எழுந்து வந்துட்டேன்.”

சொல்லிக்கொண்டே குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டார். உடனே குடிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், மருமகள் போட்ட காப்பியை வாங்கிக்கொண்ட மாமியார் போல ஒரு வினாடி யோசித்தார். “ம், குடிக்கலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடித்தார்.

“எழுத்தைக் காட்டு, நான் ஏதாவது பண்ண முடியுதான்னு பாக்கறேன்.”

“வேண்டாம்மா. வாங்கப்போறவங்க பேரு தெரிஞ்சா அவங்களுக்குத்தானே அவமானம். மூடியே இருக்கட்டும்.”

அந்த அம்மா அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல மனசும்மா உனக்கு” என்று கைப்பையைத் திறந்து ஒரு நகவெட்டியை நீட்டினார். “இதுல அரம் இருக்கு. மெதுவாச் சுரண்டு.”

அவள் திரும்பி நின்றுகொண்டு சுரண்டினாள். கொம்பு போயே போய்விட்டது. ‘சாதனை’ பளிச்சென்று வந்தது. கூடவே கேடயத்தின் கண்ணாடிப் பரப்பில் குறுக்காக ஒரு கீறலும் வந்தது.

“ஐயையோ, கீறிடுச்சு!”

“அது பசையாக்கூட இருக்கும், பதறாதே.” பைக்குள்ளிருந்து ஒரு சானிடைசர் பாட்டில் வந்தது. “துணியில மூணு சொட்டு விட்டுத் துடை. மூணே சொட்டு. நாலாவது கூடாது.”

சொட்டில் என்ன கணக்கு என்று அவளுக்குத் தோன்றியது. பதற்றத்தில் பாட்டிலை அழுத்தினாள், அது அரைக் குப்பியைக் கக்கியது. கீறல் அசையவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த ‘பெண்மணி’யின் கொம்பு வழுக்கிக்கொண்டு வந்து கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியது ஒட்டியதுதான், சுருண்டு உருண்டையாகிவிட்டது.

இப்போது கேடயத்தில் இருந்தது ‘சாதனைப் பண்மணி’. ஏதோ பாட்டுக்காரிக்குக் கொடுக்கிற பட்டம் மாதிரி.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

“எனக்கும் கொம்புக்கும் ஏழாம் பொருத்தம்மா. போடக் கூடாத இடத்துல போடறேன், போட வேண்டிய இடத்துல விடறேன். ஒரே ஒரு கையெழுத்துக்கு ஆசைப்பட்டேன். அதுவும் இன்னிக்குப் போச்சு.” கையெழுத்துக் கதை, நீச்சல் பாட்டிக் கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

அந்த அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “கையெழுத்துக்கு ஆசைப்படறது சின்ன விஷயம் இல்லம்மா” என்றார். “மத்தவங்க கண்ணை மூடிட்டுப் போடறதை நீ படிச்சுட்டுப் போடணும்னு நினைக்கிறே. அதுக்கே உனக்கு ஒண்ணு குடுக்கலாம்.” பைக்குள் மறுபடி கையை விட்டார். இந்த முறை தங்கக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட் வந்தது. “இதை நீ தின்னு. காகிதத்தை என்கிட்ட குடு. ஒத்தைக் கொம்பா, ரெட்டைக் கொம்பா?”

“ஒத்தைதாம்மா.”

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரிக்கோலால் அவர் வெட்டிய கொம்பு, கடையில் மெஷின் வெட்டுகிற கொம்பை விட லட்சணமாக இருந்தது. கை ஒரு துளி நடுங்கவில்லை. அவள் அதை வாங்கி ஒட்டினாள். கொஞ்சம் சாக்லேட் வாசனை வந்ததே தவிர, நாலடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

“சாதனைப் பெண்மணி” என்று மெதுவாகப் படித்துப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்லத் திரும்புவதற்குள், “அம்மா, இங்கேயா இருக்கே!” என்று மகள் வந்து அந்த அம்மாவை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விழா தொடங்கியது. அவள் மேடையின் ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்றாள். கடைசி வரிசையில் முதலாளி உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு பெண்கள் வந்து கேடயம் வாங்கினார்கள். கிரேன் ஓட்டுகிற அம்மாவுக்கு அவள் கை சிவக்கத் தட்டினாள்.

ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டதும் முன் வரிசையிலிருந்து தயங்கித் தயங்கி எழுந்தது, தோளில் பெரிய கைப்பையோடு அந்த அம்மா.

அவள் திரையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சங்கத்தின் செயலாளர் மைக்கில் சொன்னார். “முப்பத்தொரு வருஷம் குடிநீர் வாரியத்தோட ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தவங்க. ஒரு மழைக்காலத்துல, ‘தண்ணி நல்லாத்தான் இருக்கு, கையெழுத்துப் போடுங்க’ன்னு மேலதிகாரிங்க நெருக்கினாங்க. ‘நல்லா இல்லாததுக்கு என் கையெழுத்துக் கிடைக்காது’ன்னு பேனாவை மூடி வெச்சுட்டாங்க. இடமாத்தம் பண்ணிடுவோம்னு மிரட்டினாங்க. அசையலை. மறுநாள் ஊர்க் குழாயெல்லாம் மூட வேண்டியதாப் போச்சு. இங்க உக்காந்திருக்கிற எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைங்க இவங்களால தப்பிச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது.”

அரங்கமே எழுந்து நின்றது. இவள் மட்டும் கூனிக் குறுகினாள். இந்த அம்மாவின் கேடயத்தையா இந்த அம்மாவின் நகவெட்டியை வாங்கியே சுரண்டினோம்!

மேடையில் அந்த அம்மா கேடயத்தை வாங்கிப் படித்தார். புருவம் சுருங்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறலைத் தடவினார். முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து, நேராகத் திரைப்பக்கம் பார்த்தார்.

பின்கதவு திறந்துதான் இருந்தது. நழுவிவிடலாம். கேடயத்தில் எழுத்து சரியாகத்தான் இருக்கிறது, நாளைக் காலை முதல் கையெழுத்து அவளுடையது. அந்த அம்மாவும் காட்டிக்கொடுக்கிற ஆளில்லை. இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டாள். ஆனால் ‘நல்லா இல்லாததுக்கு என் கையெழுத்துக் கிடைக்காது’ என்ற வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. இப்படி வாங்குகிற கையெழுத்தை எந்தக் கையால் போடுவது?

கூட்டம் கலைந்ததும் நேராக அந்த அம்மாவிடம் போனாள். முதலாளி அதற்குள் அங்கே வந்து, “கேடயம் எங்க கடையில செஞ்சதுதாம்மா” என்று கார்டை நீட்டிக்கொண்டிருந்தார். இருக்கட்டும், அவரும் கேட்கட்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

“அம்மா, மன்னிச்சுடுங்க. உங்க கேடயத்துல ‘சாதனை’க்குப் பதிலா ‘சோதனை’ன்னு ஒட்டிட்டேன். அந்தக் கொம்பைத்தான் உங்க நகவெட்டியால சுரண்டினேன். கீறலும் என் வேலைதான். உங்க கேடயம்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“மறுபடியும் கொம்பா!” என்று முதலாளி வெடித்தார். “கையெழுத்துக் கேக்கற மூஞ்சியைப் பாரு! நாளையிலேருந்து நீ லேமினேஷன் மெஷின்தான், போ!”

அந்த அம்மா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“நீ ஒட்டினதுல ஒரு தப்பும் இல்லம்மா. காலமெல்லாம் தண்ணியைச் சோதிச்சவளுக்குச் சாதனை எதுக்கு, சோதனைன்னே இருக்கட்டும்னு அந்தச் சீட்டை எழுதினதும் நான்தான், எங்கே விட்டுடுவாங்களோன்னு ‘கொம்பு கவனம்’னு அடிக்கோடு போட்டதும் நான்தான்!”