இஞ்சினும் சேத்தா?

'முழுக் காப்பீடு' என்பதில் 'முழு' என்ற சொல்லை நம்பி மோசம் போனவன் நான். (பத்திரம் போட்டுச் சொன்னால் எதையும் நம்பும் வயது அது.)

நைனாவுக்கு முதன்முறை நெஞ்சுவலி வந்தபோது ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மீன் வண்டியில்தான் கொண்டுபோனோம். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தார். டாக்டர் முதலில் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார், பிறகுதான் இவர் கையைப் பிடித்துப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி என் அப்பன் மீனோடு மீனாகப் போகக் கூடாது என்று ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன்.

காப்பீட்டு ஏஜென்ட் அம்மாவின் கடை பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். (காப்பீடு விற்க இதைவிட ராசியான இடம் வாய்க்காது.) அந்தம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். தேர்ட் பார்ட்டி என்றால் நாம் இடித்தவருக்குத்தான் இழப்பீடு, நம் வண்டிக்குப் பட்டை நாமம். முழுக் காப்பீடு என்றால் விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் எல்லாவற்றிலும் நம் வண்டிக்கும் உண்டு.

"இஞ்சினுக்குத் தனியா ஒரு கவர் கீது தம்பி. உள்ள தண்ணி பூந்து இஞ்சின் போச்சுனா சாதாவுல வராது. ஏரியோரத்துல கீறவங்க போட்டுக்கறது நல்லது."

"ஏரியிலயே பொறந்தவங்கம்மா நாங்க. தண்ணியப் பத்தி எங்களுக்கா சொல்ற?" என்றேன். பக்கத்தில் நைனா மீசையைத் தடவிக்கொண்டார். இஞ்சின் கவரை விட்டுவிட்டு முழுக் காப்பீடு மட்டும் போட்டுக்கொண்டு வந்தோம்.

ஐப்பசி மழையில் ஏரி ஏறியது. விடிந்து பார்த்தால், படகுகளுக்குப் பக்கத்தில் பெருமையாக நிறுத்தியிருந்த கார் பானெட் வரை தண்ணீரில் நின்றது. படகுகள் மிதந்துகொண்டிருந்தன.

ஊரே கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றியது. அதற்குப் பிறகு நைனா பொறுப்பேற்றுக்கொண்டார். படகு மோட்டார் உப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரே வைத்தியம்தான்: உடனே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, அங்கேயே ஓடவிட வேண்டும். தாமதித்தால் உப்பு தின்றுவிடும்.

"இன்னாடா பாத்துனுகீற? ஸ்டார்ட் பண்ணு!"

பண்ணினேன். உள்ளே ஒரே ஒரு 'டொக்'.

"இன்னொரு வாட்டி!"

அதற்கு அந்த டொக்கும் இல்லை.

சேதத்தைப் பார்க்க வந்த சர்வேயர் காரைச் சுற்றி வந்து, "வெளிய எடுத்தப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

"பின்ன? சும்மா உட்ருவமா சார்? நான்தான் கூடவே நின்னு கழுவி ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். இஞ்சின் விசயத்துல நம்மள அசைக்க முடியாது!"

சர்வேயர் பேனாவை மூடினார். "சீட், மேட், ஒயரிங் எல்லாத்துக்கும் வரும் பெரியவரே. இஞ்சினுக்கு வராது, தனி கவரும் இல்ல. ஸ்டார்ட் பண்ணதாலதான் அது உடைஞ்சிருக்கு. தண்ணில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணாம அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும்."

நைனா அன்று சாப்பிடவில்லை. "நானே கொன்னுட்டேன்டா" என்று மட்டும் சொன்னார். புத்தம் புது சீட்டோடு கார் வீட்டுப் பின்னால் நின்றது. அதன் மேல் வலை உலர்த்தினோம். அவர் மட்டும் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

தை மாதம் மறுபடி வலி வந்தது. மறுபடி மீன் வண்டி. இந்த முறை நண்டுப் பெட்டிகள். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

டாக்டர் சோதித்துவிட்டு, "கிட்னி, லிவர் எல்லாம் நல்லா இருக்கு. இதயம்தான் ரொம்ப பலவீனமா இருக்கு" என்றார்.

நைனா மெல்ல என் பக்கம் திரும்பினார். "சீட்டு, மேட்டுக்கெல்லாம் வரும்டா. இஞ்சினுக்குத்தான் வராது."

இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே நைனா போய்விட்டார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது "எல்லாம் நல்லாகீது" என்று சொன்னால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி, "இஞ்சினும் சேத்தா?" என்பாள். எல்லோரும் சிரிப்போம். இப்போதுள்ள காருக்கு இஞ்சின் கவர் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். பின் சீட்டில் படுத்துக்கொண்டு வரத்தான் நைனா இல்லை.